கேமராவைத் தொடும் முன்: வீடியோவைத் தாளிலேயே எடிட் செய்வது எப்படி?

எடிட் செய்ய உட்காரும்போதுதான் அந்த ஷாட் இல்லை என்பது தெரியவரும். குரல் "இப்ப இதை இப்படி அழுத்துங்க" என்கிறது. திரையிலோ பேசுகிற முகம் மட்டும் இருக்கிறது. கை எதை அழுத்துகிறது என்று தெரியவில்லை. மறுபடி ட்ரைபாடை விரித்தால் வெளிச்சம் மாறியிருக்கும், சட்டை மாறியிருக்கும், செய்து முடித்த வேலையைக் கலைக்கவும் முடியாது. கடைசியில் ஓர் அம்புக்குறியைப் போட்டு ஒப்பேற்ற வேண்டியதுதான். பார்ப்பவர் அந்த இடத்தில் இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்ப்பார். புரியவில்லை என்றால் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்.

இதற்கு எடிட்டிங் ஆப்பில் மருந்து கிடையாது. ஒரு படியை நீக்குவதும் இடம் மாற்றுவதும் தாளில் ஒரே கோட்டில் முடிகிற வேலை. படம் பிடித்த பிறகு அதே வேலைக்கு அரை நாள் போகும். அதனால் எடிட்டைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் செய்து முடித்துவிடுவது நல்லது. அதற்கு மூன்று தாள் போதும்: ஒற்றை வரி, இரண்டு பத்தி ஸ்கிரிப்ட் (ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் ஒலி), ஷாட் லிஸ்ட் (எடுக்க வேண்டிய ஷாட்களின் பட்டியல்). சைக்கிள் பஞ்சர் ஒட்டும் வீடியோ ஒன்றை உதாரணமாக வைத்து மூன்றையும் பார்ப்போம்.

ஒற்றை வரி

முதல் தாளில் ஒரே ஒரு வாக்கியம்: "இதைப் பார்த்து முடித்தவர் ______ செய்துவிடுவார்." கோடிட்ட இடத்தில் ஒரு செயல் வர வேண்டும். "சைக்கிள் பராமரிப்பு" செயல் இல்லை, தலைப்பு. அதற்குள் பத்து வீடியோ ஒளிந்திருக்கிறது. "பஞ்சர் ஒட்டுவார்" கொஞ்சம் தேவலை. "பின்சக்கரத்தைக் கழற்றாமலே டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவார்" என்று எழுதினால்தான் வேலைக்கு ஆகும். இந்த வரி சேர்ப்பதைவிட விலக்குவதுதான் அதிகம். செயினைக் கழற்றுவது, ரிம்மை நிமிர்த்துவது, எந்த டயர் நல்லது என்பதெல்லாம் தானாகவே வெளியே போய்விடும்.

அதன் கீழே சில குறிப்புகள். பார்ப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? காற்றடிக்கத் தெரியும், டயரை ரிம்மிலிருந்து நெம்பும் லிவரைப் பிடித்ததில்லை. அவர் கையில் என்ன இருக்கும்? எந்த நிலையில் பார்ப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்டுக்கொள்வதே இல்லை. சைக்கிள் பக்கத்தில் கிடக்க, கையெல்லாம் கறையாக, ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு ஒவ்வொரு படி முடிந்ததும் நிறுத்திக்கொள்ள ஓரிரு விநாடி மூச்சுவிட இடம் வேண்டும். திரை எழுத்து பெரிதாக வேண்டும். சும்மா படுத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இரண்டுமே இழுவையாகத் தெரியும். இருவருக்கும் சேர்த்து ஒரே வீடியோ எடுத்தால் இருவருக்குமே அரைகுறையாகத்தான் இருக்கும். யாருக்கு என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக "இதில் சொல்லப்போவதில்லை" என்று மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். படப்பிடிப்பு நாளில் "இதையும் சேர்த்தால் என்ன?" என்ற ஆசை கட்டாயம் வரும். அப்போது இந்த மூன்று வரிதான் கையைப் பிடித்து நிறுத்தும்.

தலைப்பு, தம்ப்நெயில்: இரண்டும் இப்போதே

வீடியோவை ஏற்றும்போது தலைப்பு யோசிப்பது பழக்கமாகிவிட்டது. அது தலைகீழ். தலைப்பு ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றும் ஷாட் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். "சக்கரத்தைக் கழற்றாமல்" என்று தலைப்பில் போட்டுவிட்டு, சக்கரம் வண்டியிலேயே இருப்பது தெளிவாகத் தெரியும் அகலமான ஷாட் ஒன்று இல்லையென்றால் தலைப்பு பொய்யாகிவிடும்.

யூடியூபில் தலைப்புக்கு 100 குறியீடுகள்வரை இடம் உண்டு. தமிழில் இது சீக்கிரம் தீரும், காரணம் எழுத்துகளைக் கணினி எண்ணும் குறியீட்டு முறை. "பஞ்சர்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் தனிக் குறியீடு. கொம்பும் காலும் அப்படியே. தவிர, ஃபோனில் பட்டியலாகத் தெரியும்போது நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும். எனவே வேலைக்கான சொல் முன்னால், அலங்காரம் பின்னால். முடிந்தால் அலங்காரமே வேண்டாம்.

தம்ப்நெயிலுக்கு, அதாவது பட்டியலில் வீடியோவுக்கு முகமாகத் தெரியும் படத்துக்கு, 1280 × 720 பிக்சல் போதும். ஓடும் வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை உருவி எடுத்தால் பெரும்பாலும் கை மங்கலாக இருக்கும், முகம் பாதிச் சொல்லில் கோணலாக இருக்கும். தம்ப்நெயிலுக்கென்று ஒரு நிழற்படம் எடுப்பதையும் ஷாட் லிஸ்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். படத்தின் வலது கீழ்மூலையில் வீடியோவின் நேரம் ஒட்டிக்கொள்ளும். முக்கியமான பொருளோ எழுத்தோ அந்த மூலையில் வேண்டாம்.

முதலில் வேலையைச் செய்யுங்கள், பிறகு எழுதுங்கள்

ஸ்கிரிப்ட் எழுதும் முன் அந்த வேலையை ஒரு முறை, கேமரா இல்லாமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பார்க்க வேண்டும். ஃபோனில் குரல்பதிவு ஓடட்டும். நன்றாகத் தெரிந்த வேலைதான் ஆபத்து. கை தானாகச் செய்கிற நான்கைந்து காரியங்கள் வாயில் வரவே வராது. பஞ்சர் ஒட்டுபவர் டியூபை உருவும்போதே கட்டைவிரலால் வால்வைப் பின்னால் தள்ளியிருப்பார், கேட்டால் "அதையெல்லாம் சொல்லணுமா?" என்பார். சொல்ல வேண்டும். புதியவர் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

பதிவைக் கேட்டு ஒவ்வொரு படிக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன செய்கிறோம், சரியாக வந்துவிட்டது என்பது எதைப் பார்த்துத் தெரியும், எது தவறும், ஏன். முதலாவதை எல்லாரும் எழுதுவார்கள். இரண்டாவதும் மூன்றாவதும்தான் வீடியோவின் மதிப்பே. சொல்யூஷன் (பேட்ச் ஒட்டும் பசை) தடவும் படியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்கிறோம்: உப்புத்தாள் தேய்த்த இடத்தில் மெல்லிய பூச்சாகத் தடவுகிறோம். எப்படித் தெரியும்: பளபளப்பு போய் மங்கும், விரல் பட்டால் ஒட்டும், ஆனால் ஈரம் விரலில் வராது. எது தவறும்: ஈரமாக இருக்கும்போதே பேட்ச்சை வைத்தால் அது வழுக்கி நகரும், காற்றடித்ததும் ஓரம் தூக்கும்; உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவியாகிப் போக வழியில்லாததுதான் காரணம்.

இப்படி எழுதும்போது இன்னொன்றும் வெளிப்படும்: காத்திருக்கும் நேரம். சொல்யூஷன் காய்வதற்குச் சுமார் 5 நிமிடம் ஆகும். வீடியோவில் அதை என்ன செய்வது? "5 நிமிடம் கழித்து" என்று எழுத்துப் போட்டுத் தாண்டலாம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டயரின் உட்புறத்தைத் துணியால் வருடி, குத்திய முள்ளையோ கண்ணாடித் துண்டையோ தேடி எடுப்பது அதிகம் பேர் மறக்கும் வேலை. மறந்தால் ஒட்டிய டியூப் மறுபடி ஓட்டையாகும். அதை இந்த இடைவெளியில் வையுங்கள். பார்ப்பவரும் நிஜத்தில் அந்த 5 நிமிடத்தில் அதைச் செய்துகொள்ளலாம். விரலால் இல்லாமல் துணியால் வருடச் சொல்ல மறக்க வேண்டாம். உள்ளே இருப்பது பிளேடு முனையாகவும் இருக்கலாம்.

முதல் 30 விநாடி

இதைக் கடைசியில் எழுத வேண்டும். நடுப்பகுதி முடியாமல் முன்னுரை எழுதினால் அது பொதுப்பேச்சாகத்தான் வரும். யூடியூபின் பகுப்பாய்வுப் பக்கத்தில், முதல் 30 விநாடிக்குப் பிறகும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தனியாகவே காட்டப்படும். எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று அங்கே காட்டும் கோடு பெரும்பாலான வீடியோக்களில் செங்குத்தாக இறங்குவதும் இந்த 30 விநாடியில்தான்.

வந்தவர் தலைப்பைப் பார்த்து வந்திருக்கிறார். சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்பதே அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் முதல் ஷாட்டிலேயே தெரிய வேண்டும்: தட்டையாகிக் கிடக்கும் டயர், அதை அழுத்தும் விரல். "பின்சக்கரம் பஞ்சர். சக்கரத்தைக் கழட்டாமலே ஒட்டிடலாம். ரெண்டு லிவர், ஒரு பேட்ச், கொஞ்சம் சொல்யூஷன், உப்புத்தாள் ஒரு துண்டு. இருக்கா? வாங்க." சுமார் 10 விநாடி. பிரச்சினை, தீர்வின் எல்லை, தேவையான பொருள் மூன்றும் முடிந்தது.

வணக்கம் சொல்வதில் தப்பில்லை. ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். சேனல் அறிமுகம், சுழலும் லோகோ, "வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி" என்று தொடங்கும் வேண்டுகோள்கள் ஆகியவைதான் கோட்டை இறக்குகின்றன. சப்ஸ்கிரைப் செய்யக் கேட்பதென்றால், பார்ப்பவருக்கு ஏதாவது ஒன்று கைகூடிய பிறகு கேளுங்கள். ஓட்டை கிடைத்த இடத்தில் கேட்டாலும் பொருந்தும்; டயரைத் திறக்கும் முன்பே கேட்டால் யாருக்காவது செய்யத் தோன்றுமா?

எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும்

தமிழில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு உள்ள சிக்கல் இது. கை எழுத்துத் தமிழில் ஓடும், வாய் பேச்சுத் தமிழில் ஓடும். "அழுத்திப் பிடிக்க வேண்டும்" என்று எழுதியதைக் கேமரா முன்னால் "அமுக்கிப் பிடிக்கணும்" என்று மாற்றிக்கொண்டே படித்தால் மூளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. பத்தாவது வரியில் தடுமாறும். மாற்றாமல் அப்படியே படித்தால் செய்தி வாசிப்பு போலாகிவிடும். ஆகவே சொல்லப்போகிற வரிகளைச் சொல்லப்போகிற மாதிரியே எழுதுங்கள். "பண்ணணும்", "போட்டுக்கோங்க", "அவ்ளோதான்" என்று தாளில் இருக்கட்டும். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. திரையில் வரும் எழுத்துக்கும் விளக்கக் குறிப்புக்கும் எழுத்து நடை. இரண்டையும் வேறு வேறு நிற மையில் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

இன்னொன்று, வினைச்சொல் தமிழில் கடைசியில் வரும். "டயர் ஓரத்துக்குள்ள லிவரைச் செருகி, வாலை ஸ்போக்ல மாட்டி, அடுத்த லிவரை ரெண்டு ஸ்போக் தள்ளிச் செருகுங்க" என்ற வரியில் மூன்று செயல் இருக்கிறது. ஒரே ஷாட்டில் இதை எடுத்தால் குரலுக்கும் கைக்கும் பொருந்தாது. கை எப்போதும் முந்திக்கொள்ளும் அல்லது காத்திருக்கும். எழுதும்போதே ஒவ்வொரு "-ி", "-து" முடிவிலும் ஒரு சாய்கோடு போடுங்கள். அத்தனை சாய்கோட்டுக்கும் அத்தனை ஷாட், அல்லது வாக்கியத்தை மூன்றாக உடைத்துவிடுங்கள். பொருளின் பெயர் வரும்போது பொருள் திரையில் இருக்க வேண்டும். வினை வாயில் வரும் கணத்தில் செயல் தொடங்க வேண்டும். வெட்டும் இடம் ஸ்கிரிப்டிலேயே தெரிந்துவிடும்.

முழுக்க எழுதுவதா, குறிப்பு மட்டுமா? முதல் 30 விநாடி, அளவுகள், எச்சரிக்கைகள், கடைசி வாக்கியம் ஆகியவற்றைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது நல்லது. நடுவில் வேலை செய்துகொண்டே பேசும் இடத்துக்கு மூன்று நான்கு சொல் குறிப்பு போதும். கை வேலையில் இருக்கும்போது மனப்பாட வரி செயற்கையாக ஒலிக்கும். குரலைப் பிறகு தனியாகப் பதிவதென்றால் முழுவதையும் எழுதத்தான் வேண்டும்.

நேரக் கணக்கு: ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 150 சொல் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஒட்டிக்கொண்டிருக்கும்போதே" என்பது நமக்கு ஒரு சொல். நேரம் மூன்று சொல்லுக்கு உரியது. உங்கள் ஸ்கிரிப்டின் ஒரு பகுதியை, பேசுகிற வேகத்தில், ஒரு நிமிடம் வாய்விட்டுப் படித்து எண்ணிக்கொள்ளுங்கள். 95 சொல் வந்தால் 570 சொல் ஸ்கிரிப்டுக்கு 6 நிமிடம். அதோடு பேச்சே இல்லாமல் கை மட்டும் வேலை செய்யும் வரிகளின் விநாடிகளைக் கூட்டுங்கள். மனதுக்குள் படித்துக் கணக்குப் போட்டால் எப்போதும் குறைவாகத்தான் வரும். 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவில் விளம்பரம் போடலாம் என்பதற்காக 5 நிமிட விஷயத்தை இழுக்கிறவர்கள் உண்டு. இழுத்த அந்த 3 நிமிடத்தில் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதையும் அதே கோடு காட்டிக்கொடுக்கும்.

இரண்டு பத்தி ஸ்கிரிப்ட்

தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி. ஒவ்வொரு வரிக்கும் எண். ஓட்டை தேடும் இடம் இப்படி வரும்:

7. படம்: மேலிருந்து, தண்ணீர்ப் பாத்திரம்; டியூபின் ஒரு பகுதி மெதுவாக மூழ்குகிறது. ஒலி: "கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள அமுக்கிட்டே வாங்க."

8. படம்: மிக நெருக்கத்தில், வரிசையாகக் கிளம்பும் குமிழி. ஒலி: பேச்சு இல்லை. 3 விநாடி குமிழிச் சத்தம்.

9. படம்: அதே நெருக்கம், விரல் மூடுகிறது, குமிழி நிற்கிறது. ஒலி: "இந்த இடம்தான். விரலை எடுக்காம வெளிய தூக்கி, துடைச்சிட்டு, பேனாவால பெரிய வட்டம் போடுங்க."

10. படம்: வட்டம் போடும் கை. எழுத்து: ஓட்டையை விடப் பல மடங்கு பெரிய வட்டம். ஒலி: "சின்னதா போட்டா உப்புத்தாள் தேய்க்கிறப்போ வட்டமே அழிஞ்சிடும்."

9-ஆவது வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு கை ஓட்டையை மூடியிருக்கிறது. இன்னொரு கை டியூபைப் பிடித்துத் தூக்குகிறது. துடைப்பது யார்? மூன்றாவது கை வேண்டும். குரலில் சரளமாக ஓடிய வரி, படப் பத்தியில் எழுதியதும் மாட்டிக்கொண்டது. இதை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். மூடிய விரலிலேயே டியூபை மடித்து ஒரே கையால் தூக்கச் சொல்லலாம், அல்லது வரியை உடைத்து, துடைத்த பிறகு மறுபடி காற்றின் சீறலைக் கன்னத்தருகே வைத்து உணரச் சொல்லலாம். எதுவானாலும் இந்த முடிவு இங்கே எடுக்க வேண்டியது. தண்ணீர் சொட்டும் டியூபோடு கேமரா முன்னால் நின்றுகொண்டு எடுக்கக்கூடியது இல்லை.

8-ஆவது வரியில் பேச்சு இல்லாததும் வேண்டுமென்றே செய்ததுதான். படம் தானே சொல்லிவிடும் இடத்தில் குரல் வாயை மூடிக்கொள்ளலாம். "இங்க பாருங்க, குமிழி வருது" என்பதை அடித்துவிடுங்கள்.

எழுதி முடித்த பின் இடப்பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். "பேசுகிறார்", "பேசுகிறார்", "பேசுகிறார்" என்று தொடர்ந்து வந்தால் அந்த இடத்துக்குக் காட்டப் பொருள் தேட வேண்டும், இல்லையென்றால் சுருக்க வேண்டும். முகம் மட்டும் தெரியும் ஷாட் 20 விநாடிக்கு மேல் ஓடினால் ஏன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்து வலப்பத்தியை மட்டும், இந்த வேலை தெரியாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அதனால் பயனில்லை. அவர் எந்தப் படியை விட்டுவிட்டுச் சொல்கிறாரோ அங்கேதான் உங்கள் ஸ்கிரிப்டில் ஓட்டை.

ஷாட் லிஸ்ட்: பார்க்கும் வரிசை வேறு, எடுக்கும் வரிசை வேறு

ஸ்கிரிப்ட் வரிசையில் எடுத்தால் கேமராவை இருபது முறை இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் புதிதாக. வரி எண்களைக் கேமரா நிற்கும் இடத்தின்படி தொகுத்துவிடுங்கள். அகலமான ஷாட்கள் எல்லாம் ஒரு கட்டு, மேலிருந்து எடுப்பவை ஒரு கட்டு, முகம் பேசுபவை ஒரு கட்டு. எண் மாறாமல் இருக்கட்டும்; எடிட்டில் ஒட்டவைக்க அதுதான் துணை.

இந்தத் தொகுப்பை ஒன்று மட்டும் மீறும்: திரும்பச் செய்ய முடியாத காரியம். பேட்ச் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். தீர்வு, ஒரே அளவில் இரண்டு மூன்று பழைய டியூப். ஒன்றில் ஓட்டை தேடுவது, ஒன்றில் தேய்த்துத் தடவுவது, மற்றது டேக் (ஒரு ஷாட்டை ஒரு முறை எடுப்பது) சொதப்பினால். ஆனால் நிறம், அச்செழுத்து, வால்வு வகை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். நெருக்கமான ஷாட்டில் வேறு டியூப் என்று பளிச்சென்று தெரியும். மாற்றுப் பொருள் கிடைக்காத வேலை என்றால் அந்த ஒரு படிக்கு மட்டும் இரண்டு ஃபோன் வையுங்கள், ஒன்று அகலமாக, ஒன்று நெருக்கமாக. முகம் பேசும் கட்டை முதலில் எடுத்துவிடலாம், கை கறையாவதற்கு முன்பே. பிறகு கறைக் கையோடு தொடங்கிச் சுத்தமான கையோடு முடியும் அபத்தம் நேராது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுத வேண்டியவை: எவ்வளவு நெருக்கம், கேமரா எந்தப் பக்கம், குரல் அங்கேயே பதிவாகிறதா பிறகா, எத்தனை விநாடி. கை வேலை காட்டும் ஷாட்களைச் செய்பவரின் தோள் பக்கத்திலிருந்து எடுக்கத் திட்டமிடுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் "வலது பக்கம் திருப்புங்க" என்னும்போது திரையில் அது இடது பக்கமாக நடக்கும். எதிரிலிருந்துதான் எடுக்க முடியும் என்றால் "வலது" என்ற சொல்லை ஸ்கிரிப்டிலிருந்தே எடுத்துவிட்டு "செயின் இருக்கிற பக்கம்" என்று மாற்றுங்கள்.

2 விநாடி மட்டுமே திரையில் வரப்போகும் ஷாட்டையும் 10 விநாடி எடுங்கள். செயல் தொடங்கும் முன் 3 விநாடி, முடிந்த பின் 3 விநாடி கை அசையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டும் இடத்தில் கை ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும். யாரும் பேசாத அறையின் ஒலியை 30 விநாடி பதிவதும் ஒரு வரியாக லிஸ்டில் இருக்கட்டும். குரலை வெட்டிய இடங்களில் விழும் செத்த மௌனத்தை இதை வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

செங்குத்து வீடியோவும் வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். 1920 × 1080 அளவில் கிடைமட்டமாக எடுத்ததிலிருந்து 9:16 செங்குத்தாக வெட்டினால் மிஞ்சுவது 607 பிக்சல் அகலம், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு கையும் அதற்குள் அடங்காது. 4கே-யில் எடுத்தால் 1215 பிக்சல் மிஞ்சும். தரம் போதும், ஆனால் இடம் அதே மூன்றில் ஒன்றுதான். முக்கியமான நான்கைந்து ஷாட்களை மட்டும் ஃபோனை நிமிர்த்தித் தனியாக இன்னொரு முறை எடுப்பதே மேல். யூடியூப் ஷார்ட்ஸுக்கு 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம்வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் முழு வீடியோவைச் சுருக்கி ஷார்ட்ஸ் ஆக்கப் பார்க்காமல், அதிலிருந்து ஒரே படியை உருவினால் போதும். முள் தேடும் இடம் தனியாகவே நிற்கும்.

இடக் கணக்கு: ஐஃபோனின் சுருக்கிய வடிவத்தில் 4கே, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 ஃப்ரேம் என்றால் 400 எம்பி. 6 நிமிட வீடியோவுக்கு 45 நிமிடம் படம் பிடிப்பதாக வைத்தால் 30 ஃப்ரேமில் ஏழரை ஜிபிக்கு மேல். லிஸ்டின் தலையில் இதை எழுதி, முந்தின இரவே இடத்தைக் காலி செய்யுங்கள். ஃபோனை விமானப் பயன்முறையில் போடுவதையும் அங்கேயே எழுதுங்கள். நல்ல டேக்கின் நடுவில்தான் யாராவது அழைப்பார்கள்.

முடிவுக்கும் ஃப்ரேம் வேண்டும்

வீடியோவின் கடைசியில் அடுத்த வீடியோவைக் காட்டும் பெட்டிகளை வைக்க யூடியூப் 5 முதல் 20 விநாடிவரை தருகிறது. வீடியோ குறைந்தது 25 விநாடி இருக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் எங்கே உட்காரும் என்று யோசிக்காமல் எடுத்தால் ஒட்டி முடித்த சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஷாட் லிஸ்டில் கடைசி வரியாக "சக்கரம் இடப்பக்கம் சுழல்கிறது, வலப்பாதி வெறும் சுவர், 20 விநாடி" என்று எழுதுங்கள். குரலுக்கு அங்கே ஒரே வேலை: அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்வது. "இத்துடன் வீடியோ முடிகிறது" என்ற ஒலி வந்தாலே பார்ப்பவரின் விரல் நகரத் தொடங்கிவிடும்.

வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் அத்தியாயக் குறிகளும் ஸ்கிரிப்டிலிருந்தே வரும். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறி, ஏறுவரிசையில், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையாமல். நேரம் எடிட்டுக்குப் பிறகுதான் தெரியும், பெயர்களை இப்போதே எழுதலாம். "பகுதி 2" என்பதைவிட "ஓட்டை எங்கே?" நன்றாகத் தேடிக் கிடைக்கும்.

படப்பிடிப்பு நாளில் ஷாட் லிஸ்ட் செய்பவர் கையில் இருக்கக் கூடாது. அவர் கை கறையாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் சுவரில் ஒட்டி, பெரிய எழுத்தில். ஒவ்வொரு வரிக்கும் எத்தனையாவது டேக் சரியாக வந்தது என்று எண்ணைக் குறிக்க வேண்டும். வெறும் டிக் போட்டால் எடிட்டில் மூன்று டேக்கையும் மறுபடி பார்க்க நேரிடும். ஒரு கட்டு முடிந்து கேமராவை நகர்த்தும் முன், குறித்த டேக்குகளை ஒலியோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மைக் இணைப்பு நழுவியிருந்தது என்பது அப்போது தெரிந்தால் பத்து நிமிட வேலை.